ஜப்யா வீசிய கல் யார் மேல் விழுந்தது?

போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் 'ஃபன்ட்ரி' திரையிட்டோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டர், முப்பது முப்பத்தைந்து பேர். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வேலை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்த இரண்டு மூன்று அம்மாக்கள். மராத்திப் படம் என்பதால் நடுநடுவே நிறுத்தி நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியில் மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு பையன் கல்லை ஓங்கி வீசுகிறான். கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. திரை இருள்கிறது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, கரண்ட் போயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் போகவில்லை, படமே அவ்வளவுதான் என்றேன். "அதெப்படி? அப்புறம் என்ன ஆச்சு? அந்தப் பையனை அடிச்சாங்களா, விட்டாங்களா?" என்று ஆரம்பித்த பேச்சு ராத்திரி பத்து மணிவரை போனது. கூடத்துச் சாவி வைத்திருந்த பெரியவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நடந்த சண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சண்டையில் நானும் ஒரு கட்சி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. நாகராஜ் மஞ்சுளேயின் முதல் முழுநீளப் படம் இது. 2013-ல் எடுக்கப்பட்டு 2014 பிப்ரவரி 14 அன்று மகாராஷ்டிரத்தில் வெளியானது. முதல் படத்துக்காக இயக்குநருக்கும், சிறந்த குழந்தை நட்சத்திரமாக சோம்நாத் அவ்கடேவுக்கும் தேசிய விருது கிடைத்தது. 'சைராட்' எடுத்தவர் என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும்.

கதை அகமத்நகர் பக்கத்தில் அகோல்நேர் என்ற ஊரில் நடக்கிறது. ஜப்யா கைக்காடி சமூகத்துப் பையன். ஊரில் அவர்களுடையது ஒரே குடும்பம். பன்றி பிடிப்பது, கூடை முடைவது, ஊர்க்காரர்கள் ஏவும் சில்லறை வேலைகளைச் செய்வது, இதுதான் பிழைப்பு. ஜப்யாவுக்கு வகுப்பில் படிக்கும் ஷாலு மேல் ஆசை. நீள வால் கறுப்புக் குருவி ஒன்றைப் பிடித்து எரித்து அந்தச் சாம்பலைத் தூவினால் அவள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நம்பி, கவட்டையைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறான். அப்பா கச்ருவுக்கு மகள் கல்யாணத்துக்கு வரதட்சணை சேர்க்க வேண்டும். ஊர்த் திருவிழாவில் ஒரு பன்றி குறுக்கே ஓடிக் குழப்பம் செய்ததால், பன்றிகளைப் பிடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வருகிறது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு இறங்குகிறார்கள். வகுப்புப் பிள்ளைகள் மேலே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கிரிக்கெட் மேட்ச் மாதிரிச் சிரிப்பும் கைதட்டலும் கூச்சலும். அந்தக் கூட்டத்தில் ஷாலுவும் இருக்கிறாள்.

கடைசியில் பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பள்ளிச் சுவரில் வரைந்த அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே படங்களைத் தாண்டிப் போகிறார்கள். பின்னாலேயே வரும் ஊர்ப் பையன்கள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். ஜப்யா குனிந்து கல்லை எடுக்கிறான்.

அந்த வார்த்தையை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஃபன்ட்ரி என்பது மராத்திச் சொல் இல்லை, கைக்காடி மொழிச் சொல். கைக்காடி தமிழோடு நெருங்கிய உறவுள்ள திராவிட மொழி. ஃபன்ட்ரி என்றால் பன்றி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஜப்யாவின் வீட்டுச் சொல்லைப் பிடுங்கி அவன் மேலேயே வசவாக எறிகிறார்கள். அது நம் சொல்லும்தான்.

மூன்று கட்சி

அன்று இரவு கூடம் மூன்றாகப் பிரிந்தது.

முதல் கட்சி: "இதுதான்க்கா கலகம். அதுவரைக்கும் குருவி பின்னாடி ஓடினவன் இப்போ கல்லை எடுத்துட்டான். இனிமே அவன் பழைய ஜப்யா இல்ல." சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி சொன்னான். அவனுக்குப் பாதிக் கூடம் கைதட்டியது.

இரண்டாவது கட்சி: "கல் சமூகத்து மேல விழுது. பார்க்கிற எல்லார் மேலயும் விழுது." இது கொஞ்சம் விமர்சனம் எல்லாம் வாசிக்கிற பிள்ளைகளின் பதில்.

மூன்றாவது கட்சியில் ஒரே ஒருவர். துப்புரவு வேலை முடித்து வந்திருந்த ஒரு அம்மா. "கல்லை எறிஞ்சிட்டான், சரி. நாளைக்கு விடிஞ்சா அந்தக் குடும்பம் எங்க போகும்? அந்த ஊர்ல அவங்க ஒரே வீடுதானே?" என்று கேட்டார். கூடம் அவரைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தது. படத்துக்குள் இல்லாததைக் கேட்கிறார் என்று நினைத்தார்கள் போல.

எனக்கு அந்த அம்மாவின் கேள்விதான் மூன்றிலும் கனமானதாகப் பட்டது. முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.

வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய்வருகிற வேலை என்னுடையது. எதிர்த்து நின்ற நிமிடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். போஸ்டரில் அதுதான் வரும். மறுநாள் காலை போஸ்டரில் வராது. மளிகைக் கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி உறவுக்காரர்கள் மூலமாகவே தூது வரும். பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவான். கச்ரு அந்தப் பன்றி வேலைக்கு ஒத்துக்கொண்டதே மகள் கல்யாணச் செலவுக்காக. கல் பறந்த பிறகு அந்தக் காசு வருமா?

சட்டம் இருக்கிறதே என்று சட்டக் கல்லூரித் தம்பி சொன்னான். 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பட்டியல் பழங்குடியினரையும் பாதுகாக்கிறது. ஆனால் மகாராஷ்டிரத்தில் கைக்காடி சமூகம் பட்டியல் சாதிப் பட்டியலில் இருப்பது விதர்பாப் பகுதி மாவட்டங்களில் மட்டும்தான். மற்ற இடங்களில் அவர்கள் 'விமுக்த ஜாதி'. அதாவது வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முத்திரை குத்தப்பட்டு, 1952-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பெயர் பெற்ற சமூகங்களில் ஒன்று. அகமத்நகர் விதர்பாவுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஜப்யா நிஜப் பையனாக இருந்து அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால், அந்தச் சட்டமே அவனுக்குக் கைகொடுக்காது. அவமானம் அதேதான், மாவட்ட எல்லை தாண்டியதும் பாதுகாப்பு இல்லை. அந்த அம்மாவுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி நேராக அங்கேதான் போய் நிற்கிறது.

கலகம் என்று சொல்லும்போது

இதனால் முதல் கட்சி தப்பு என்று சொல்ல வரவில்லை. கல்லை எறிந்ததுதான் அந்தப் படத்தில் ஜப்யா முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்குச் செய்த காரியம். பன்றி பிடிக்கும்போது பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. ஜப்யா அப்படியே விறைத்து நிற்கிறான், குடும்பமே நிற்கிறது. கையெட்டும் தூரத்தில் வந்த பன்றி நடந்து போய்விடுகிறது. அந்த நாட்டுக்குரிய மரியாதையை அவன் கொடுத்துவிட்டான். திருப்பி அவனுக்கு அந்த நாடு என்ன கொடுத்தது என்ற கேள்விக்குப் பிறகுதான் அவன் கை கல்லைத் தேடுகிறது. இதைக் கோபம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் 'கலகம் பிறந்தது' என்ற வாசிப்பில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைச் சொன்னதும் நாம் எல்லோரும் ஜப்யா ஆகிவிடுகிறோம். அந்தக் கல் நம் கையிலிருந்து போகிற கல்லாகிவிடுகிறது. ஸ்டேட்டஸில் அந்தப் படத்தை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

'சமூகத்தின் மேல் விழுந்தது' என்பதிலும் அதே சௌகரியம்தான். சமூகம் என்றால் யார்? எல்லோரும். எல்லோர் மேலும் விழுந்த கல் தனியாக ஒருவர் மேலும் விழாது. ஒருவருக்கும் ரத்தம் வராது.

இந்த இடத்தில்தான் நான் கட்சி சேர்ந்தேன். காமிரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள் என்றேன். கடைசி வினாடியில் காமிரா ஜப்யாவின் பக்கத்தில் இல்லை, பின்னாலும் இல்லை. அவனுக்கு எதிரே, கேலி செய்தவன் நிற்கிற இடத்தில் நிற்கிறது. நாமும் அங்கேதான் நிற்கிறோம். அங்கே நிற்கிறவரிடம் இயக்குநர் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. நீங்கள் அம்பேத்கர் பாட்ஜ் குத்தியிருந்தாலும் கல் வரும்.

"அப்போ நாமளும் அந்த ஊர்க்காரங்களும் ஒண்ணா?" என்று சட்டக் கல்லூரித் தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. நியாயமான கோபம். ஒன்று இல்லை என்றுதான் நானும் சொன்னேன். சாதியால் லாபம் அடைகிறவனும் சாதியால் நசுக்கப்படுகிறவனும் ஒரே தராசில் நிற்க முடியாது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது.

பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு மெல்ல எழுந்தாள். "அக்கா, அந்தப் பன்னி ஓடுறப்போ நானும் சிரிச்சேன். இங்க எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம்தான் மேல நின்னு அந்த ஸ்கூல் பசங்களும் அதுக்கேதான் சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. அப்போ அந்தக் கல் எனக்கா?"

கூடத்தில் மறுபடியும் சத்தம் இல்லை. இந்த முறை கரண்ட் போய்விட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

நான் படித்த சமூகவியலில் இதற்குப் பெயர் இருக்கிறது. பாபாசாகேப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது இதைத்தான். சாதி மேல், கீழ் என்ற இரண்டே தட்டு இல்லை. அது ஏணி. நம்மை மிதிக்கிறவன் மேல் படியில் இருக்கிறான் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். நம் காலுக்கடியிலும் ஒரு படி இருக்கிறது என்பதை மட்டும் குனிந்து பார்க்க மாட்டோம். மிதிபடுகிறவர்கள் எல்லாம் ஒன்றுசேர முடியாமல் போவதற்கு அந்த ஏணிதான் காரணம் என்பது அவர் சொன்னதன் சாரம். பரீட்சையில் இதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பொண்ணு எழுந்து நின்று கேட்டபோதுதான் என் மண்டையில் உறைத்தது.

என் வகுப்பில் இருந்த பையன்

அன்று கூடத்தில் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலனி ஊருக்கு வெளியே இருந்தது. காலனிக்கும் வெளியே, ஓடைக்கரையில், நான்கு குடிசைகள். அவர்கள் பன்றி வளர்த்தார்கள். அங்கிருந்து ஒரு பையன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஊர்ப் பிள்ளைகள் எங்களைத் தள்ளி உட்கார வைத்தார்கள். நாங்கள் அவனைத் தள்ளி உட்கார வைத்தோம். ஊர்ப் பிள்ளைகள் எங்களுக்குப் பட்டப்பெயர் வைத்தபோது வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது நாங்கள்தான். "பன்னி." அவ்வளவுதான். ஃபன்ட்ரி.

ஒருநாள் பள்ளி மைதானத்துக்குள் பன்றி புகுந்துவிட்டது என்று அவனையே அனுப்பி விரட்டச் சொன்னார்கள். வகுப்பு முழுக்க ஜன்னலில். நான் முதல் ஜன்னலில். எப்படிச் சிரித்தேன் என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பது எனக்கு அவசியமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் ஊர்ப் பிள்ளைகளும் நானும் ஒரே ஜன்னலில் நின்றோம். ஒரே பக்கம் நின்று ஒரே ஆளைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சமத்துவத்துக்கு அவன் விலை கொடுத்தான்.

எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். கல் எதுவும் எறியவில்லை.

அதனால்தான் அந்தத் திரை இருண்டபோது எனக்குக் கலகம் தெரியவில்லை, சமூகமும் தெரியவில்லை. அந்த ஜன்னல் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கல் வந்து சேர்ந்தது. இந்தப் படத்தின் முடிவு என்ன என்று என்னைக் கேட்டால் என்னிடம் இருக்கிற நேர்மையான பதில் இவ்வளவுதான்.

முடிவைத் திறந்து வைத்தால் யாருக்குப் பயம்?

'முடிவைத் தெளிவாகச் சொல்ல வேண்டியதுதானே, மக்களுக்குக் குழப்பம் எதற்கு' என்று கேட்கிற தோழர்களும் இருக்கிறார்கள். பிரச்சாரத்துக்குத் தெளிவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். துண்டறிக்கையை யாரும் புதிர் போட்டு எழுத முடியாது. ஆனால் திறந்து விட்ட முடிவைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

2016-ல் பா.ரஞ்சித்தின் 'கபாலி' ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. சுடப்பட்டாரா, தப்பித்தாரா என்று டீக்கடை டீக்கடையாக விவாதம் நடந்தது நினைவிருக்கும். மலேசியாவில் வெளியான பதிப்பில் மட்டும் கபாலி போலீஸிடம் சரணடைந்துவிட்டார் என்று எழுதிக் காட்டி முடித்தார்கள். தோட்டத் தொழிலாளர் வம்சத்துத் தமிழன் ஒருவன் கதையைக் கேள்விக்குறியோடு விட்டால் அங்கே சரிப்படாது. ஒரு வரி எழுதி அந்தக் கேள்வியை அடைத்தாயிற்று. பார்வையாளர் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டி முடிகிறது. இது சமரசமா, சவாலா என்று நமக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை. அடி வாங்கியவன் ஏன் இன்னும் உரையாடலுக்கு அழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த எவரும் அந்த இரண்டு குவளைகளைச் சும்மா கடந்துபோக முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை நடப்பது நல்லது. இயக்குநர் ஒரு வரி எழுதி அதை முடித்துவைத்திருந்தால் நாம் அந்தப் படத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம்.

ஆனால் திறந்த முடிவு என்றால் ஆளாளுக்குத் தோன்றியதைச் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. "அது ஒரு சிறுவனின் விடலைக் கோபம், சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றும் ஒருவர் சொல்லக்கூடும். அதுவும் ஒரு கருத்துதானே என்று அதை விட்டுவிட முடியாது. சுவரில் பாபாசாகேப் படம் இருக்கிறது, கம்பில் பன்றி தொங்குகிறது, பின்னால் அந்த வசவு கேட்கிறது. இவ்வளவையும் காணாமல் போகச் செய்தால்தான் அந்தக் கருத்து நிற்கும். எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கட்டும், படத்தில் இருப்பதை அழித்துவிட்டு வருகிற அர்த்தத்தை மட்டும் ஏற்க முடியாது.

அந்தச் சுவரைப் பற்றியும் கூடத்தில் இரண்டு பேச்சு இருந்தது. தலைவர்கள் படமாகத் தொங்குகிறார்கள், கீழே எதுவும் மாறவில்லை என்பது இயக்குநரின் கிண்டல் என்றார்கள் சிலர். ஜப்யாவுக்குப் பின்னால் அவர்கள் நிற்கிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் கல்லை எடுக்கிறான் என்றார்கள் சிலர். இரண்டும் உண்மை என்று எனக்குப் படுகிறது. படமாக மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு அது கிண்டல். தேவைப்படுகிறவனுக்கு அது துணை. நம் மன்றங்களில் மாட்டியிருக்கிற படம் இதில் எந்த வகை என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்த முறை திரையிடும்போது

உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் இந்தப் படத்தைப் போடுங்கள். போட்டால் முடிவில் எழுந்து நின்று விளக்கம் சொல்லாதீர்கள். நானும் அன்றைக்கு அளவுக்கு மேல் பேசிவிட்டேன். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீங்கள் எந்த இடத்தில் சிரித்தீர்கள்? வேடிக்கை பார்த்த கூட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த முகம் இருந்ததா? மறுநாள் காலை அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும், அப்போது நீங்கள் அந்த ஊரில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அந்த ஒற்றை வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது யார், பையனை மறுபடி பள்ளிக்கு அழைத்துப் போவது யார், காவல் நிலையத்துக்குக் கூட வருவது யார். கல்லுக்குக் கைதட்ட நூறு பேர் வருவார்கள். இதற்கு நாலு பேர் கையைத் தூக்கினால் அன்றைய திரையிடல் உருப்படியானது.

எங்கள் கூடத்தில் அப்படி ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பிளஸ் ஒன் பொண்ணு என்னிடம் வந்தாள். "அக்கா, ஓடைக்கரைல இருந்து ரெண்டு பசங்க நம்ம ஸ்கூலுக்கு வர்றாங்க. இந்த வட்டத்துக்கு யாரும் அவங்களைக் கூப்பிடலை. நான் கூப்பிடட்டுமா?"

நான்கு வருடமாக அந்தப் படிப்பு வட்டத்தை நடத்துகிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரில் ஒருவன் வந்தான். வாசல் பக்கமாக, செருப்பைக் கழற்றிய இடத்துக்கு அருகிலேயே உட்கார்ந்தான். முன்னால் வா தம்பி என்று கூப்பிட்டேன், வரவில்லை. அந்தப் பொண்ணு தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொருவன் இன்னும் வரவில்லை. வரும்வரை கூப்பிடுவோம்.

ஜெய்பீம்.